வீல் தேய்த்த ஞாயிற்றுக்கிழமை

மாமா பழைய கார் ஒன்றை வாங்கி வந்தபோது எங்கள் தாயில்பட்டித் தெரு அதன் வீல்களைத்தான் பார்த்தது. முன்பு வைத்திருந்தவர் ஆசைப்பட்டு மாட்டிய குரோம் வீல்கள். ஆசை அவரோடு போய், துரு மட்டும் எங்களுக்கு வந்திருந்தது. மாமா அம்மாவின் தம்பி. பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கும் அறையில் வேலை பார்த்த அவரை, பக்கத்து அறை வெடித்த மறுநாளே அம்மா அடம்பிடித்து நிறுத்திவிட்டாள். கல்யாணங்களுக்கு வண்டி ஓட்டிப் பிழைத்துக்கொள்ளட்டும் என்றாள். அவள் மட்டும் அதே கம்பெனியில் பாக்கெட் போடப் போய்க்கொண்டிருந்தாள்.

முதல் ஆர்டர் காரியாபட்டியில். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாமா சோப்புத் தண்ணீரும் பழைய பல் பிரஷுமாக வீலின் முன் உட்கார்ந்தார். அழுக்கு போயிற்று, துரு அசையவில்லை. அலுமினியத்தால் தேய்த்தால் குரோமில் பிடித்த துரு விட்டுவிடும் என்று எந்த மெக்கானிக்கோ சொல்லியிருக்கிறார். எங்கள் ஊரில் அலுமினியம் என்றால் பட்டாசு மருந்தில் கலக்கும் பவுடரைத் தவிர வேறு என்ன ஞாபகம் வரும்?

“அக்கா, நாளைக்கு வரும்போது கம்பெனில இருந்து ஒரு கை பவுடர் கொண்டாயேன்.”

அம்மாவுக்கு அப்படி ஒரு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. “ஏலே கூறுகெட்டவனே, அந்தச் சனியன் வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னுதான வெளியவே குளிச்சிட்டு வாரேன்?” என்றாள். பிறகு அடுப்படியிலிருந்து பிரியாணிப் பொட்டலத்துச் சில்வர் பேப்பரைக் கொண்டு வந்தாள். அதுவும் அலுமினியம்தானே. கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க, துரு கறுப்பாக வழிந்தது. நான் துணியால் துடைத்தேன். மாமா ஒரு வீலை முடிப்பதற்குள் அம்மா மற்ற மூன்றையும் முடித்துவிட்டாள். லீவு நாளில் கை வலிக்க வலிக்கத் தேய்க்கிறாளே, இவளுக்குக் கார் மேல் இம்புட்டு ஆசையா என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் கம்பெனி போர்மேன் வந்தார். தீபாவளி சீசன் நெருங்கிவிட்டது, மருந்து அடைக்க ஆள் இல்லை, மாமா திரும்ப வர வேண்டும் என்றார். மாமா தலையைச் சொறிந்தார். மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அம்மா முந்திக்கொண்டாள்.

“வீலப் பாருங்க அண்ணாச்சி. சீசன் முழுக்கக் கல்யாண ஆர்டரு. அவனுக்கு எங்க நேரம் இருக்கு?”

போர்மேன் குனிந்து பார்த்தார். வீலில் தன் முகம் தெரியவும் மீசையை ஒதுக்கிக்கொண்டார். பாதி நம்பிவிட்டார் என்றே தோன்றியது. உண்மை பேசினால் மெச்சுவார்கள் என்று நான் வாயைத் திறந்தேன்.

“ஒரே ஒரு கல்யாணந்தானம்மா வந்திருக்கு.”

அம்மா தொடையில் கிள்ளிய கிள்ளில் எனக்கு உயிர் போய்விட்டது. சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று சிரித்துச் சமாளித்தாள். போர்மேன் சிரிக்கவில்லை. “அப்ப அந்த ரூமுக்கு நான் யாரக் கொண்டு போய் நிறுத்த?” என்றார்.

அம்மா ஈரத் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

“நான் வாரேன்.”

“அக்கா, வேண்டாங்க்கா” என்றார் மாமா.

“நீ வண்டியப் பாருலே.”

அழுகிற என்னை ஏற்றிக்கொண்டு மாமா ஊரை ஒரு சுற்றுச் சுற்றினார். அம்மா வேறு அறைக்கு மாறியது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை, கிள்ளியதுதான் பெரிதாக இருந்தது. அந்த வாரம் முழுவதும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த வாரத்தில் ஒவ்வொரு சாயங்காலமும் அவள் வீடு வந்து சேர்ந்தது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு அப்போது தெரியாது.