ஏர் மாடும் கஸ்தூரியின் ஏற்பிகளும்

என் தங்கை கஸ்தூரிக்கு ஆமணக்கு ஆகாது. எங்களுக்கோ பாளையம்பட்டியில் ஆமணக்கும் கடலையும் வாங்கி விற்கிற கடை. நான் மூட்டையைப் பிரித்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தாலே அவளுக்குத் தும்மல் வரும், கையெல்லாம் தடித்துவிடும்.

"அண்ணே, குளிச்சிட்டு உள்ள வா!" என்று வாசலிலேயே விரட்டுவாள்.

நான் எட்டாவதோடு தராசைப் பிடித்தவன். அவள் மதுரையில் விலங்கியல் எம்.எஸ்ஸி. முடித்தாள், அதுவும் முதல் வகுப்பில். எழுபத்தேழில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஆசிரியை வேலைக்கு அழைப்பு வந்தது. முதல்வரம்மா முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். கிடைக்காவிட்டால் கடையில் உட்கார்ந்து கணக்கு எழுத வேண்டியதுதான் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்தத் தூசியில் அவள் எப்படி உட்காருவாள்?

அதற்கு முதல் நாள் என் மனைவி முத்துலட்சுமியிடம் ஒத்திகை பார்த்தாள்.

"மதினி, இந்த வீட்டுல ஒரு மாடு, அடுத்த வீட்டுல ஒரு மாடு. மழை பேஞ்சா என்ன செய்வாக?"

"ரெண்டையும் சேத்துப் பூட்டி, ரெண்டு வீட்டுக் காட்டையும் உழுவாக."

"அதேதான். உயிரணு மேல, வெளிய இருந்து வர்ற பொருளப் பிடிக்கிற ஏற்பின்னு நிறைய நிக்கும். ஒத்தையா நின்னா சும்மாதான். ஆமணக்குத் தூசி நுகத்தடி மாதிரி வந்து ரெண்டைச் சேத்துப் பூட்டிரும். உடனே உயிரணு உள்ள இருக்கிறதக் கொட்டும். அதான் தடிப்பு."

"அப்ப இம்புட்டு நாளா உம்மேல ஏர் ஓடுதுன்னு சொல்லு" என்றாள் முத்துலட்சுமி.

மறுநாள் நானும் துணைக்குப் போய் வகுப்பு ஜன்னலோரம் நின்றேன். அதே பாடத்தை அழகாக நடத்தினாள். முன் பெஞ்சில் இருந்து ஒரு பெண் எழுந்தாள். திருச்சுழிப் பக்கம், பெயர் குருவம்மாள்.

"டீச்சர், எங்க வீட்டுச் செக்கு ஒத்தை மாட்டுலதான் ஓடுது. அது வேலை செய்யலியா?"

வகுப்பே சிரித்தது. பின்னால் இருந்த முதல்வரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

கஸ்தூரி சாக்பீஸை மேஜையில் வைத்தாள். பிறகு அவளும் சிரித்துவிட்டாள்.

"செய்யுதே! ஒத்தையா வேலை செய்யிற ஏற்பியும் உண்டு. எல்லாத்துக்கும் சோடி வேணுங்கிற மாதிரி நான் சொன்னது தப்பு. இந்தத் தடிப்பு சமாச்சாரத்துக்குத்தான் சோடி வேணும்."

குருவம்மாள் உட்காரவில்லை. "நுகத்தடி பாதி ஒடிஞ்சிருந்தா?"

"ஏரும் ஓடாது, அதை மாட்டியிருக்கிற மாட்ட வேற நுகத்தடியில பூட்டவும் முடியாது. அதே மாதிரி ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிற பொருளக் கொடுத்து, தடிப்பு வராமத் தடுத்துப் பாத்திருக்காக."

முதல்வரம்மா எழுந்து வந்தார். "செக்கு மாட்டை முன்னாலேயே யோசிச்சு வச்சிருந்தீங்களா?"

"இல்லைங்கம்மா. அவ கேட்ட பிறகுதான் நான் சொன்னது அரைகுறைன்னு தெரிஞ்சுது."

"திங்கக்கிழமை வந்து மீதியை நடத்துங்க. வேலையில சேர்ந்துட்டு நடத்துங்க."

கஸ்தூரி ஜன்னல் பக்கம் என்னைத் தேடினாள். அதற்குள் குருவம்மாள் மறுபடியும் கையைத் தூக்கிவிட்டாள்.