பங்குனியில் மொட்டையான பவளமல்லி

ஐம்பதுகளின் கடைசியில், கல்யாணமான புதிதில், என் மனைவி தாய்வீட்டிலிருந்து சிவகாசிக்கு ஒரு கன்று கொண்டுவந்தாள். பூ இல்லாவிட்டால் எனக்கு எந்தச் செடியும் அடையாளம் தெரியாது.

“தண்டு நாலு பட்டையா இருக்கும். இலையத் தடவிப் பாருங்க” என்றாள்.

தடவினேன். தீப்பெட்டியின் உரசும் பக்கம் மாதிரிச் சொரசொரப்பு.

“குச்சியக் கிளிச்சா பத்திக்கிடும் போலயே!”

அவள் சிரிக்கவில்லை. “பவளமல்லி. தரையில விழுந்ததப் பொறுக்கிச் சாமிக்கு வைக்கலாம்னா இந்தப் பூ ஒண்ணுதான்.”

குளிக்கிற தண்ணீர் ஓடும் இடத்தில் வைத்தோம். இரண்டாம் வருஷம் ஐப்பசியில் கைப்பிடியளவு பூத்தது. வெள்ளை இதழ், பவளக் காம்பு, தெருவரை வாசம். அடுத்த ஐப்பசிக்குக் கூடை நிறையப் பொறுக்கலாம் என்று ஆசையாகச் சொல்லிவிட்டுப் பிரசவத்துக்குப் போனாள். “செடியப் பாத்துக்கோங்க.”

பார்த்துக்கொண்டேன். அதுதான் வினை. பங்குனியில் இலையெல்லாம் உதிர்ந்து வெறுங்குச்சியாக நின்றது. பட்டாசுக் கம்பெனியிலிருந்து உடம்பெல்லாம் மருந்தோடு வந்து குளிக்கிறேனே, அந்தத் தண்ணீர்தான் கொன்றுவிட்டது என்று பயந்துபோனேன். பக்கத்து ஷெட் வெடித்திருந்தால்கூட அப்படிப் பயந்திருக்க மாட்டேன்.

கம்பெனியில் என் வேலை திரி காயவைப்பது. உள்ளே ஈரம் இருக்கிறதா என்று நகத்தால் கீறிப் பார்ப்போம். அதே பழக்கத்தில் செடியையும் கீறினேன். உள்ளே பச்சை. அப்பாடா! விடிந்ததும் சந்தேகம்: நேற்றுப் பார்த்தது நேற்றைய உயிர்தானே? சற்றுத் தள்ளி இன்னொரு கீறல். பச்சை. அதற்கு மறுநாளும் சந்தேகம்.

அவள் கைக்குழந்தையோடு திரும்பியபோது அடித்தண்டைச் சுற்றிப் பட்டையே இல்லை.

“என்ன செஞ்சு வச்சிருக்கீக?”

“உசுரு இருக்கான்னு பாத்தேன்.”

“கோடையில இலைய உதுத்துட்டு, மளை பெஞ்சா துளிர்க்குற செடி இது. இருக்கன்குடி கோயில்ல மொட்ட போட்டவுக தலையயும் முடி வருமான்னு கீறிப் பாப்பீகளோ?”

நான்தான் சிரித்தேன். அவள் தண்டைப் பிடித்தபடி நின்றாள்.

மழை பெய்தது. சுற்றிலும் பட்டை போன எங்கள் செடி தளிர்க்கவில்லை. ஐப்பசியில் சாமி படத்துக்குக் கடைப்பூ வாங்கினாள்.

அடுத்த முறை தாய்வீடு போய்வந்தவளின் பையை எட்டிப் பார்த்தேன். “கன்னு எடுத்துட்டு வரலையா?”

“எடுத்தேன். அங்கனயே வச்சுட்டு வந்துட்டேன்” என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது கேலி பேசித் தப்பித்திருப்பேன்.