துவக்குக்கு வைத்த இலை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அம்மாளாச்சி மேல் ஆணையாக, நடந்ததில் ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை. 2024 ஒக்ரோபர் 11, வெள்ளிக்கிழமை. சரஸ்வதி பூசை நாள். இடம், லண்டன் நோர்பரியில் என் தங்கை ஹம்சினியின் வீடு.

ஹம்சினிக்கு அப்போது எட்டு மாதம். அதற்கு முன் இரண்டு தங்கவில்லை. இந்த முறை அவள் படியிறங்கும்போதுகூட எனக்கு நெஞ்சு பதறும். வேலை முடிந்ததும் வெஸ்ட் ஈலிங்கிலிருந்து வந்து சமைத்துக் கொடுப்பேன், வீங்கிய காலைப் பிடித்துவிடுவேன். பெரிய உதவி எனக்குச் செய்யத் தெரியாது. சின்ன உதவிகளைக் கடவுள் கணக்கில் எடுப்பார் என்று நம்புகிறவள் நான்.

அவள் கணவர் யனுஷன் பல் கட்டும் கூடத்தில் வேலை செய்கிறார். அவருக்கு ஒரேயொரு பைத்தியம், பழைய ஐரோப்பியக் கைத்துவக்குகள். நூறு வருடத்துக்கு மேற்பட்டவை. ஒரு குண்டு போனதும் அடுத்தது தானாக ஏறும் வகை. இந்த நாட்டில் அவற்றைச் சுடும் நிலையில் வீட்டில் வைத்திருக்க முடியாது. குழலை அடைத்து, உள்ளே எல்லாவற்றையும் வெல்ட் பண்ணி, சான்றிதழோடுதான் விற்பார்கள். அந்த வாரம் அவருக்குப் பன்னிரண்டாவது கிடைத்திருந்தது. ஆஸ்திரியக் குதிரைப்படைக்காக 1909இல் செய்த ரோத்-ஸ்டேயர். எசெக்ஸில் கணவரை இழந்த ஒரு வெள்ளைக்கார அம்மாவிடம் வாங்கியது.

பூசைக்குத் தன் வேலைக் கருவிகளை வைக்கும்போது அதையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பல்லுக் கட்டுற சாமான் வையுங்கோ, சரி. துவக்கும் வைக்கிறதோ?" என்றாள் ஹம்சினி.

"ஆயுத பூசைதானே? மற்றதெல்லாம் சாமான். இதுதான் ஆயுதம்."

"பிள்ளை தவழப்போற வீடப்பா."

"இது செத்த துவக்கு. வேணுமெண்டால் மச்சாளைக் கேள்" என்று என்னைக் காட்டினார் யனுஷன்.

"செத்ததெண்டால் அதுக்கும் ஒரு இலை போடு அக்கா!"

மூவரும் சிரித்தோம். மாலை 5.35க்கு அவர்கள் இருவரும் பூ வாங்கப் பக்கத்திலுள்ள தோர்ன்டன் ஹீத்துக்குப் போனார்கள்.

முன்னறையில் பூசைக்கு வைத்த சாமான்களுக்கு நான் தனியே சந்தனம் வைத்துக்கொண்டு வந்தேன். அந்தத் துவக்கின் மரப்பிடியில் ஒரு பள்ளம். யாரோ ஒருவனுடைய பெருவிரல் தேய்த்த பள்ளம். யார் பெற்ற பிள்ளையோ. எந்தச் சேற்றில், எத்தனை நாள் பட்டினியாய்க் கிடந்தானோ.

பூசை நாளில் இறந்தவர்களை அழைத்துப் படைப்பதில்லை. எனக்குத் தெரியும். ஆனால் பசிக்கு நாள் பார்ப்பதா என்று நினைத்தேன். ஒரு இலை வைத்து, பொங்கலும் கடலையும் போட்டு, "ஆராய் இருந்தாலும் சாப்பிடுங்கோ" என்றேன்.

அதுதான் நான் செய்த பிழை.

6.09. அடுப்படியில் நின்றேன். ஒரு வாடை வந்தது. நனைந்த தோல்... மாட்டு வாடை இல்லை. குதிரை. யன்னல்கள் எல்லாம் பூட்டியிருந்தன.

6.14. முன்னறையில்... ட்டக்.

இரும்பை இழுத்துவிடும் சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. குழல் சுவரைப் பார்க்க நான் வைத்த துவக்கு, வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. இலையில் ஒரு பருக்கையும் இல்லை.

துவக்கைத் தொட்டேன். சூடாக இருந்தது. இவ்வளவு நேரமும் யாரோ கையில் பிடித்திருந்ததைப் போல.

மறுபடி சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். முருகா, முருகா என்றபடி போனை எடுத்தேன்.

"மச்சாள், வாசலுக்கு வந்திட்டம்" என்றார் யனுஷன். வெளியே ஹம்சினி சிரிப்பது கேட்டது.

6.21. திரும்பிப் பார்த்தேன்.

துவக்கு வாசலைப் பார்த்தது.

விசை... மெல்ல... பின்னால் போனது.

விரல் இல்லை.

கதவுப் பூட்டில் திறப்புப் போட்டுத் திருப்பும் சத்தம்.

பாய்ந்துபோய்த் துவக்குக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றேன். கைகூப்பினேன்.

"சாப்பிட்டாச்சுத்தானே ராசா... போங்கோ. போயிடுங்கோ."

ட்டிக்.

அவ்வளவுதான். வாடை போய்விட்டது.

"என்னக்கா, வழி மறிச்சுக்கொண்டு நிக்கிறாய்?" என்று கேட்டபடி ஹம்சினி பூவோடு உள்ளே வந்தாள். யனுஷன் கதவைத் திறந்து பிடித்தபடியே நின்றார்.

"பூட்டுங்கோவன், குளிருது."

"பின்னால ஆரோ வந்தமாதிரி..." என்றவர் எட்டிப் பார்த்துவிட்டுப் பூட்டினார்.

அவள் உறங்கிய பிறகு அவரிடம் மட்டும் சொன்னேன். அவர் விசையை அழுத்திக் காட்டினார். அசையவில்லை. வெல்ட் பண்ணியது, அசையவே ஏலாது என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுக்கச் சம்மதித்தார்.

நவம்பர் ஆறாம் தேதி பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். பூசை அறையில் நான் அழுதேன்.

பிள்ளை பிறந்த பன்னிரண்டாம் நாள் மாலைதான் எசெக்ஸ் அம்மாவோடு பேசக் கிடைத்தது. யனுஷன் போனை ஸ்பீக்கரில் போட்டார். துவக்கைத் திருப்பித் தரலாமா என்று மட்டும்தான் ஆங்கிலத்தில் கேட்டார். வேறு எதுவும் சொல்லவில்லை.

"அது வாசல் பக்கம் திரும்பியதா?" என்று கேட்டார் அந்த அம்மா.

ஓம் என்றேன் நான்.

"பயப்படாதீர்கள். அந்தத் துவக்கோடு இருப்பவர் நல்லவர். என் கணவர் தினமும் அவருக்கு ஒரு தட்டு வைப்பார். அதைச் சாப்பிட்டுவிட்டு அவர் காவல் நிற்பார். வீட்டு மனிதர்களை அவர் ஒருநாளும் குறிவைத்ததில்லை. அவர்கள் பின்னால் வீட்டுக்குள் நுழையப் பார்ப்பதைத்தான் குறிவைப்பார். அது என்ன என்று என் கணவருக்குக் கடைசிவரை தெரியாது."

பிறகு, தயங்கியபடி கேட்டார்.

"நீங்கள் அவரைப் போகச் சொல்லவில்லைத்தானே?"

யனுஷன் என்னைப் பார்த்தார்.

மேலே, ஹம்சினியும் பிள்ளையும் தனியே இருந்தார்கள்.