இறால் கட்டிய புற்று

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் ரோடு எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். லோரி ஓட்டிய காலத்தில் செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு அந்த வழியாகத்தான் எண்ணெய் ஆலைக்குப் போவேன். பிறகு கொஞ்ச காலம் பாக்காவ் கம்பு ஏற்றினேன். சுபாங் ஜெயாவில் வீடுகள் கட்டும்போது இளகிய மண்ணில் அந்தக் கம்புகளை வரிசையாக அடித்து இறக்குவார்கள். வீடு அதன் மேல் நிற்கும். பாக்காவ் கடலோரச் சேற்றில் வளரும் மரம் என்று கேள்விப்பட்டதோடு சரி. அதை உயிரோடு பார்த்தது இந்த வருஷம்தான். அதுவும் மரம் பார்க்கப் போனதல்ல. என் மனைவி புற்றுக்குப் பால் ஊற்றியே ஆகவேண்டும் என்று நின்றதால் போனது.

சின்ன மகனுக்கு முப்பத்தைந்து தாண்டியும் கல்யாணம் அமையவில்லை. கடைசியில் டெங்கிலிலிருந்து ஒரு பெண் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாகச் சொன்னார்கள். பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் ஜோசியர், நாக தோஷம் இருக்கிறது, அவர்கள் வருவதற்குள் புற்றுக்குப் பால் ஊற்றாவிட்டால் இதுவும் தட்டிப்போகும் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து என் மனைவிக்குத் தூக்கமில்லை. எங்கள் பக்கத்துக் கோயில் புற்றுக்கு இப்போது சிமெண்டு பூசி, டைல்ஸும் ஒட்டிவிட்டார்கள். அது அவள் மனசுக்கு ஒப்பவில்லை. மனிதன் கை படாத புற்று வேண்டும் என்றாள். பக்கத்து வீட்டு அக்கா, பந்திங்குக்கு அந்தப் பக்கம் அரசாங்கம் பாதுகாக்கிற கடலோரக் காட்டில் இடுப்பு உயரத்துக்குப் புற்று புற்றாக நிற்கிறது என்று சொல்ல, மறுநாளே மகனைக் காரை எடுக்கச் சொன்னாள். பையில் பால் பாட்டில், இரண்டு முட்டை, மஞ்சள், குங்குமம்.

வாசலில் பெரிய பலகை இருந்தது. எனக்கு எழுத்து தெரியாது. மகன் படித்துவிட்டு அம்மாவின் பையை ஒரு பார்வை பார்த்தான். காட்டைச் சுற்றிக் காட்ட ஒரு மலாய்க்காரப் பெண் கூட வந்தாள். சேற்றுக்கு மேல் பலகையில் பாதை போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் பாக்காவ் மரங்கள், சிலந்தி கால்களை ஊன்றியதுபோல வேர்களை ஊன்றி நின்றன. நான் தொட்டுப் பார்த்தேன். எத்தனை லோரி ஏற்றியிருப்பேன், அதற்கு இப்படிக் கால்கள் இருப்பது தெரியாது. ஆப்பி ஆப்பி என்கிற இன்னொரு மரத்தின் வேர்கள் பென்சில் பென்சிலாகச் சேற்றைக் குத்திக்கொண்டு மேலே வந்திருந்தன. மூச்சு விடத்தான் என்றாள் அந்தப் பெண். இந்த வேர்கள் மண்ணைப் பிடித்து வைப்பதால் கரை கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குள் வளர்கிறதாம். செம்பனைத் தோட்டத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே கோடுதான். இங்கே ஒரு மரம்கூட வரிசையில் நிற்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

ஓடை திரும்பும் இடத்தில் அவை நின்றன. சாம்பல் நிறச் சேற்று மேடுகள், உச்சியில் துவாரம், மேலே பெரிய பெரணி இலைகள். அசல் புற்றேதான். என் மனைவி அந்த இடத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அந்தப் பெண் மலாயில் விளக்கினாள். இதைக் கட்டுவது சேற்றுக்குள் வாழும் ஒருவகை இறால். ராத்திரி ராத்திரியாக அடிமண்ணைத் தோண்டி மேலே தள்ளும். உப்புத் தண்ணி தாங்காத செடிகள்கூட இந்த மேட்டில் ஏறிப் பிழைத்துக்கொள்ளும்.

மகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான்: "அம்மா, நீங்க சம்பல் வைக்கிற றாலோட சொந்தக்காரன் வீடும்மா இது. வாங்க, போலாம்லா."

என் மனைவி அசையவில்லை. மேட்டைக் கை காட்டினாள்.

"நம்ம புத்த மட்டும் பாம்பா கட்டுச்சு? கரையான் கட்டுது, பாம்பு வந்து குடியிருக்குது. இதுக்குள்ள பாம்பு வருமான்னு அந்தப் பொண்ணுகிட்ட கேளுடா."

கேட்டான். வரும், நண்டும் எறும்பும்கூட வரும், நானே பாம்பைப் பார்த்திருக்கிறேன் என்றாள் அந்தப் பெண். என் மனைவி முகத்தைப் பார்க்கவேண்டுமே. பால் பாட்டில் வெளியே வந்துவிட்டது. அப்போதுதான் அந்தப் பெண் கையை நீட்டித் தடுத்தாள். ஆன்டி, ஒரு சொட்டுகூட ஊற்றக்கூடாது, வெளிச் சாமான் எதுவும் இந்த மண்ணில் சேரக்கூடாது, எல்லாருக்கும் அதே சட்டம் என்று தன்மையாகத்தான் சொன்னாள். பார்க்கலாமா என்று என் மனைவி கேட்டாள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றாள்.

முட்டி வலியோடு என் மனைவி பலகையில் உட்கார்ந்தாள். பாட்டில் மூடியைத் திறந்து, வீட்டில் சாமிக்குப் படைப்பதுபோலப் புற்றுக்கு நேராகக் காட்டிவிட்டுக் கண்ணை மூடினாள். காட்டில் தண்ணீர் ஏறும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு எழுந்து பாட்டிலை மகனிடம் நீட்டினாள். முழுசையும் குடித்து முடிக்கும் வரை அவனை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வந்தார்கள். பெண்ணும் கூட வந்திருந்தாள். இதைப் பேசவேண்டாம் என்று மகன் எவ்வளவோ கெஞ்சியிருந்தான். தேத்தண்ணி ஆறுவதற்குள் என் மனைவி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பெண்ணின் அம்மா யோசனையில் விழுந்தார். பாலை ஊற்றாமல் காட்டினால் மட்டும் தோஷம் கழியுமா என்று கேட்டார். என் மனைவியின் கை முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தது.

"தோஷம் அவருக்குத்தானம்மா?" என்றாள் டெங்கில் பெண். "பாலும் அவருக்குள்ளதானே போயிருக்கு. சரியான எடத்துக்குத்தான் போயிருக்குலா."

முதலில் சிரித்தது அவள் அம்மாதான். என் மனைவி எழுந்து போய் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி வந்து மேசையில் வைத்தேன்.