வத்தலக்குண்டிலும் விடாத நடுக்கம்

கொடைக்கானல் மலையில் எங்கள் ஊரான கவுஞ்சியின் குளிரில் எல்லோரும்தான் நடுங்குவோம். அதனால் என் நடுக்கத்தையும் குளிர் என்றே நினைத்தேன். சிறுநீர் கழிக்கும்போது எரிந்ததைக் கணவரிடம்கூடச் சொல்லக் கூச்சம்.

உறவுக்காரக் கல்யாணத்துக்குப் பேருந்தில் மலையிறங்கினேன். வத்தலக்குண்டு வெக்கையில் எல்லோரும் ஸ்வெட்டரைக் கழற்ற, எனக்கு மட்டும் பல் தந்தியடித்தது.

"ஏத்தா, இந்த வேக்காட்டுலயுமா குளுருது?" என்றார் பக்கத்து இருக்கை அம்மா. பிறகு காதோடு, "ஒண்ணுக்குப் போனா எரியுதா? சக்கர இருக்கா?"

இரண்டுக்கும் தலையாட்டினேன். கல்யாணத்துக்கு நேரமாகிறது என்றேன்.

"நீ இல்லாட்டியும் தாலி ஏறும். ஆசுபத்திரிக்கு நட."

சர்க்கரை உள்ளவர்களுக்கு இப்படி அபூர்வமாக வருமாம், டாக்டர் சொன்னார். கிருமி ஏறி, ஒரு சிறுநீரகத்துக்குள் காற்று சேர்ந்து அழுகியிருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். கூடவே வந்த அந்த அம்மாவின் பெயரைக் கேட்கவும் கூச்சப்பட்டேன்.

இப்போதெல்லாம் ஊரில் உடம்பு நடுங்கினால் அடுப்போரம் உட்கார்ந்து, நடுக்கம் நிற்கிறதா என்று பார்க்கிறேன். மீதி இருப்பது ஒரு சிறுநீரகம்தான்.