தலை நிமிராத பெண்ணைப் படம் எடுத்தவர்

இன்று கொக்கட்டிச்சோலையில் என் சிநேகிதனுக்குக் கல்யாணம். படம் எடுக்க மட்டக்களப்பிலிருந்து ஒருவர் தோணியில் வந்திருந்தார்.

தாலி கட்டி, சாப்பாடும் முடிய வெயில் சரிந்துவிட்டது. மாமன்மார் தங்களையே படம் எடுப்பித்துக்கொண்டதில், மிஞ்சியது படம் பதியும் கண்ணாடித் தகடு ஒன்றே ஒன்று.

முற்றத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் நின்றார்கள். தலை குனிந்த பெண்ணின் நாடி நெஞ்சோடு ஒட்டியிருந்தது.

"கொஞ்சம் நிமிருங்க புள்ள" என்றார் படக்காரர்.

"கல்யாணப் பொண்ணு நிமிரப்படாது!" என்று மறித்தார் பெண்ணின் பெரியம்மா.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. நானாக இருந்தால் கத்தியிருப்பேன்.

அவர் கத்தவில்லை. "அப்ப புள்ள நிமிர வேணாம். நான் குனியிறன்" என்றார்.

நெல் அளக்கும் மரைக்காலைக் கவிழ்த்து, அதன்மேல் படப்பெட்டியை மேல்நோக்கிச் சாய்த்து வைத்தார். வெள்ளைக் கோட்டோடு மணலில் குப்புறப் படுத்தார்.

பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்படியே நில்லுங்க!"

ஊரே மூச்சை அடக்கி நின்றது, பெரியம்மா உட்பட. தகட்டில் படம் விழுந்தது.

மாப்பிள்ளை என் காதோடு சொன்னான்: "மச்சான், படம் வந்தா முதல் எனக்குக் காட்டச் சொல்லு. காலையிலிருந்து நான் கண்டது அவட உச்சி வகிடு மட்டுந்தான்."

உங்கள் வீட்டுக் கல்யாணப் படத்தில் பெண்ணுக்கு முகம் இருக்கிறதா?