தூண்டில் இல்லாத சனிக்கிழமை

டவுன்டவுனில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவும் பேரின்பநாதனுக்குச் சனிக்கிழமை மட்டுமே ஓய்வு. விடிந்ததும் லொங்குய் என்ற புறநகரைத் தாண்டி ஓடும் சின்ன ஆற்றுக்குத் தூண்டிலோடு போய்விடுவார். பிடிக்கிற கெண்டையை ஈரக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, திரும்ப ஆற்றிலேயே விடுவார்.

புரட்டாதிச் சனிகளில் அதுவும் இல்லை. சனீஸ்வரனுக்கு விரதம், மீன் மச்சம் எதையும் கையாலும் தொடமாட்டார். குளித்து, திருநீறு பூசி, மத்தியானம் கோயிலுக்குப் போகும்வரை கரையில் இருந்து அவித்த சோளத்தை எறிவார். சோளம் விழுந்த இடத்தில் சேறு புகைபோல எழும்பும். அதற்குள் ஒரு பெரிய முதுகு மெல்லத் திரும்பும். வாலில் ஒரு துண்டு இல்லாத அந்தக் கெண்டையை அவருக்கு ஐந்து வருடமாகத் தெரியும். அது தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போவது தெரியாது.

அதைப்பற்றி வேலையிடத்தில் அன்டனிடம் சொன்னதுதான் பிழை. அந்தச் சனி அன்டன் தூண்டிலோடும் ஐஸ் பெட்டியோடும் வந்து நின்றான்.

"விரதகாரர் எனக்காக மீனைக் கூட்டி வச்சிருக்கிறார்!"

"இதில எறியாதை அன்டன். அங்கால போ."

"மீன் இங்கயெல்லோ நிக்குது, அண்ணை."

கொஞ்ச நேரத்தில் தூண்டில் வளைந்தது. கரையோரத் தண்ணீரில் அன்டனின் கைவலைக்குள் மீன் வந்ததும் பேரின்பநாதன் வாலைப் பார்த்தார். அதேதான்.

"என்ர மனிசி திரேசம்மா காலமையே குழம்புக்குப் புளி ஊறப்போட்டிட்டா," என்று அன்டன் பெட்டியைத் திறந்தான்.

"கையை நனைச்சுப்போட்டுத் தொடு. காய்ஞ்ச கை பட்டால் அதுக்குப் புண் வரும்."

"சட்டிக்குப் போறதுக்குப் புண் வந்தால் என்ன?"

பேரின்பநாதன் வேட்டியோடு தண்ணீருக்குள் இறங்கினார். இரண்டு கையையும் நனைத்து, வலைக்குள் விட்டு, மீனைக் கீழிருந்து தாங்கிப் பிடித்தார். செவுள் அவர் விரல்களில் திறந்து மூடியது.

"அண்ணை, இண்டைக்கு நீங்கள் தொடக்கூடாதெல்லோ!"

"ஓம். திரும்பக் குளிக்கவேணும்."

அன்டன் அவர் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு குனிந்து, தன் கையையும் ஆற்றில் நனைத்து, மீனின் வாயிலிருந்து தூண்டில் முள்ளைக் கழற்றி, வலையை விலக்கினான்.

மீன் உடனே போகவில்லை. நித்திரையில் இருப்பதுபோல அவர் உள்ளங்கையில் கொஞ்ச நேரம் கிடந்தது. மேலே மிதந்து வந்த ஒரு மேப்பிள் இலை அதைக் கடந்துபோனது. பிறகு கையில் பாரம் இல்லை.

"இப்ப திரேசம்மாவுக்கு நான் என்ன சொல்லுறது?"

"புளி வீணாப் போகாது. கத்தரிக்காய் வைக்கச் சொல்லு."